நாலாம் மேசையின் நகல்

இதென்ன, எல்லா வரியிலும் ஒரே எண், நானூற்று இருபத்தொன்பது, நானூற்று இருபத்தொன்பது, இவ்வளவு நேரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததே, இருநூறு என்றால் சரி, நானூற்று நான்கு என்றால் பக்கம் இல்லை, அது தெரியும், இது என்ன புதிதாக... ரூபேந்திரன் கருப்புத் திரையில் கீழிருந்து மேலாக ஓடும் வெள்ளை எழுத்துகளை நிறுத்திவிட்டு அந்த எண்ணின் பக்கத்தில் இருந்த ஆங்கில வாக்கியத்தைப் படித்தான். அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று சொல்லியிருந்தது. காலை மணி ஒன்பது ஐம்பது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தளத்தை மூடுகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து பாசிர் கூடாங்கிலிருந்து வந்தவன் இன்னும் சட்டையைக் கூட மாற்றவில்லை, மார்பில் தொங்கும் ஆலை அட்டை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது, கழற்றி வைக்கலாம், வைக்கவில்லை. மூன்று வாரம் இருந்தது கையில். மூன்று வாரத்துக்கு முன்பே அவள் தன் வலைப்பதிவில் எழுதிவிட்டாள், இந்த இலவசத் தளத்தை மூடப் போகிறார்களாம், நான் வேறெங்கும் கடை விரிக்கப் போவதில்லை, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அன்றைக்கே ஆரம்பித்திருக்கலாம். நாளைக்கு, அடுத்த ஓய்வு நாளைக்கு, என்று தள்ளித் தள்ளி இன்றைக்குக் கடைசி இரண்டு மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு... எப்போதும் இப்படித்தானா நான், அல்லது இவள் விஷயத்தில் மட்டும்தானா?

லியாக்கத் அலியைக் கூப்பிட்டான். ஆலையில் இவனோடு கருவிகள் பிரிவில் இருப்பவன், ஒரு முழுத் தளத்தையும் ஒரே கட்டளையில் கணினிக்குள் இறக்கிவிடலாம் என்று சொல்லி, டபிள்யூகெட் என்ற அந்த நிரலையும், அதற்கு எழுத வேண்டிய வரியையும் வாட்சப்பில் அனுப்பியவன். "நானூத்தி இருவத்தொம்போதா? அலமாக், வெயிட் போட்டியா இல்லையா?" என்றான் லியாக்கத். "வெயிட் எதுக்குடா, பன்னெண்டு மணிக்கு மூடிருவான்லா." "அதுக்கு? செகண்டுக்கு இருவது தடவ கதவத் தட்டுனா எவன் தொறப்பான்? பத்து நிமிஷம் சும்மா இரு. அப்புறம் ஒரு செகண்ட் விட்டு விட்டுக் கேளு, எல்லாம் வந்துரும்." பின்னால் ஏதோ குழந்தை அழுதது, லியாக்கத் அதை அதட்டிவிட்டுச் சிரித்தான், "அந்த மேசை அக்கா எழுதறதுக்கு இவ்ளோ பைத்தியமாடா நீ?" ஆமாம் என்றுதான் ரூபேந்திரன் சொன்னான். வேறென்ன சொல்வது. அந்த மேசை அக்கா என் சொந்த அக்கா என்றா? ஆறு வருஷத்துக்கு முன் இதே லியாக்கத்தான் ஆலை வாட்சப் குழுவில் அதைப் போட்டான், கூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடை, கல்லாவில் உட்காரும் அம்மா வருகிறவர்களைப் பற்றி எழுதுகிறார், நம்ம ஆளுங்க கதை மாதிரி இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்று. ஒருவர் தனியாக வந்து நான்கு தேத்தண்ணீர் வாங்கி, மூன்றை எதிரில் வரிசையாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் குடித்துப் போனதைப் பற்றி. எழுதியவர் பெயர் சபீதா. இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் என்று வாக்கியத்தைத் தொடங்குகிற ஒரே ஆளை இவனுக்குத் தெரியும், கடைக்கு அனுப்பும் சீட்டில் கூட ஆனாலும் வெங்காயம் வேண்டாம் என்று எழுதுகிறவள். மலர். மதம் மாறிச் சபீதாவானவள். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவும், ஷிப்ட் பஸ்ஸில், கழிவறையில், சிக்னலில்... ஒரு வார்த்தை எழுதியதில்லை அவளுக்கு. இங்கே தெப்ரா வீட்டிலிருந்து கூலாய் அரை மணி நேரம். போனதில்லை.

பத்து நிமிஷம் சும்மா இரு என்றால் எப்படி இருப்பது, உடம்பெல்லாம் ஊறுகிறது, எழுந்து ஜன்னல் வரை போனான், திரும்பினான், தொலைபேசியை எடுத்தான், வைத்தான். கூடத்திலிருந்து அப்பாவின் குரல். "ரூபேன். தூங்கலியா நீ?" "கொஞ்சம் வேல இருக்குப்பா." "ரொட்டி சானாய் ஆறிப் போச்சு. அப்புறம் வார் மாதிரி இருக்கு, பல்லு வலிக்குதுன்னு சொல்லாத." கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொல்வதுபோல், "கூலாய் பக்கம் மழையாம். இங்க ஒரு சொட்டுக் காணோம்." முப்பது வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டிய அப்பா வேலு, வீட்டில் எதற்கும் இரண்டாவது தடவை பேசாத மனிதர், வானிலைச் செய்தியில் கூலாய்க்கு மட்டும் காது கொடுக்கிறார், அதை ஒருநாளும் ஏன் என்று இவன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் அந்தப் பெயரை வாயால் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. மலர் என்றும் இல்லை, மற்றதும் இல்லை. சரி, பத்து நிமிஷம் ஆயிற்றா? எட்டு. எட்டு போதாதா? போதாது, மறுபடி மறித்தால் அவ்வளவுதான், இன்னும் இரண்டு நிமிஷம், உட்கார்...

பத்து மணி நாலு நிமிஷத்துக்கு மறுபடி ஆரம்பித்தான், இந்த முறை ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வினாடி இடைவெளி விட்டு. வந்தது. ஒவ்வொன்றாக, அடக்கமாக. வருஷம், மாதம், தலைப்பு. இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜனவரி, ஃபெப்ரவரி. அறுநூற்று நாற்பது பதிவுகள், படங்களும் சேர்த்து மூவாயிரம் கோப்பாவது இருக்கும், மூவாயிரம் வினாடி என்றால் ஐம்பது நிமிஷம், நடுவில் மறிக்காமல் இருந்தால், மின்சாரம் போகாமல் இருந்தால், பதினொன்றுக்குள்... வேகமாகக் கொட்டியபோது கண்ணில் படாத தலைப்புகள் இப்போது படிக்கிற வேகத்தில் நகர்ந்தன. சம்பல் இல்லாமல் நாசி லெமாக் கேட்டவர். செடெனாக்கில் இருந்து வரும் இரண்டு சகோதரிகள். நாலாம் மேசையின் ஆடும் கால். தளத்தின் பெயரே நாலாம் மேசைதான், கல்லாவுக்கு நேர் எதிரே இருக்கும் மேசை, அங்கே உட்காருகிறவர்களைப் பற்றித்தான் எழுதுவாள், அவர்களுக்குத் தெரியாமல். தெரியாமல் பார்ப்பது குடும்பத்திலேயே ஓடுகிறதோ என்று நினைத்தான், சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நினைப்பு அங்கேதான் போகும் என்று காலையிலிருந்தே தெரியும், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, இப்போது போய்விட்டது, அந்த வியாழக்கிழமைக்கு.

ஒரே மடிக்கணினிதான் அப்போது வீட்டில். இருவருக்கும் பொது. அவள் டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள், மின்னஞ்சலை மூடாமல். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை... இல்லை, பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தான், ஒன்பது வருஷம் கழித்தும் எதற்கு இந்தப் பொய். அனுப்பாத கடிதங்கள் பகுதியில் மூன்று இருந்தன. மூன்றுக்கும் ஒரே தலைப்பு, அப்பாவுக்கு. முதலாவது நீளம், இரண்டாவது அதைவிட நீளம், மூன்றாவது ஒரு பக்கம்தான். சயீத்தைப் பற்றி, அவன் வீட்டார் வந்து கல்யாணம் பேச விரும்புவதைப் பற்றி, மதம் மாற வேண்டியிருப்பதைப் பற்றி, அம்மா இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பேன் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் குளித்துவிட்டுப் பத்திரிகை படிக்கும் நேரத்தில் இதைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன், ஓடிப் போக மாட்டேன், திட்டினாலும் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. ரூபேந்திரன் அன்று இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா மதம் மாறப் போகுதுப்பா." அவ்வளவுதான். ஒரு பக்கக் கடிதத்தில் அவள் எவ்வளவு பக்குவமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள், அதை நான்கு வார்த்தையில்... அவள் எட்டு மணிக்கு வந்தபோது அப்பா கேட்டிலேயே நின்றார். "யாருப்பா சொன்னா?" என்று அவள் கேட்டாள். "யாரு சொன்னா என்னா? உண்மையா இல்லையா?" என்றார் அப்பா. அவள் அப்பாவைத் தாண்டி வாசலில் நின்ற இவனைப் பார்த்தாள். இவன் உள்ளே போய்விட்டான். அறைக்குள் போய் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டான், சத்தம் கேட்காமல் இருக்க. அவள் கைப்பையோடு போனாள், பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா குளித்துவிட்டு வந்து பத்திரிகையைப் பிரித்தார், பக்கம் திருப்பவே இல்லை.

ஏன் சொன்னான்? அதுதான். கேள்வி அங்கேயேதான் நிற்கிறது, எந்தப் பக்கம் போனாலும். மதத்துக்காகவா, இவன் கோயிலுக்குப் போவதே தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும்தான். சயீத்தைப் பிடிக்காமலா, ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை அவனை. அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கவா? இருக்கலாம். இல்லையே, அதற்கு இன்னும் சுலபமான வழிகள் இருந்தன... வரி நின்றுவிட்டதா? இல்லை, பெரிய படம் ஏதோ, வருகிறது. பத்து நாற்பத்தெட்டு. இரண்டாயிரத்து இருபத்திரண்டு, இருபத்து மூன்று. பதினொன்று ஐந்துக்குக் கடைசி வரி வந்தது, முடிந்தது, மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் கோப்புகள், இவ்வளவு மெகாபைட், இவ்வளவு நேரம். இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தான். திறந்தது. நாலாம் மேசை, பச்சை நிறத் தலைப்போடு, அவன் கணினிக்குள்ளேயே, யாரும் மூட முடியாதபடி. ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே நிமிஷம்.

ஏனென்றால் இப்போது தேடலாம். தளத்தில் தேடும் வசதி கிடையாது, பதிவு பதிவாகத்தான் போக வேண்டும், ஆறு வருஷமாகப் புதியதை மட்டுமே படித்தான், அவள் எழுத ஆரம்பித்த முதல் இரண்டு வருஷத்தைத் தொட்டதில்லை. அவள் வீட்டை விட்டுப் போனதற்கு மிக அருகில் இருந்த வருஷங்கள். எதையாவது சொல்லியிருப்பாளோ என்ற பயம். இப்போது எல்லாம் கையில் இருக்கிறது, ஒரு சொல்லைக் கொடுத்தால் மூவாயிரம் கோப்பிலும் அது எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நொடியில் காட்டிவிடும் கட்டளையும் இருக்கிறது. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். தம்பி என்று தட்டினான். இருநூற்றுப் பதினோரு இடங்கள். திறந்து பார்த்தால், தம்பி ஒரு தே ஓ போடுங்க, தம்பி மீ கோரெங் இன்னும் வரல, தம்பி இந்த மேசையத் தொடைங்க... கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எல்லாரையும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு தம்பிகள், இருநூற்றுப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான், ஒன்று கூட அவனில்லை. என் தம்பி என்று தட்டினான். பூஜ்யம். ரூபேன். பூஜ்யம். அம்மா ஐம்பத்திரண்டு இடத்தில் இருந்தார், அப்பா கூட மூன்று இடத்தில், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர்கள் கையை எப்படிக் கழுவுவார்கள் என்பதைப் பற்றிய பதிவில். இவன் இல்லை. எட்டு வருஷம், அறுநூற்று நாற்பது பதிவு, ஒருமுறை கூட... நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? திட்டவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் நிம்மதி இல்லை. திட்டியிருந்தால் கூட இருந்திருப்பேனே அதில்.

பின்னூட்டங்கள். அது ஏன் வரவில்லை? ஒவ்வொரு பதிவின் கீழும் கருத்துகள் என்று ஒரு சுட்டி இருக்கும், அழுத்தினால் தனிப் பக்கம் திறக்கும். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அழுத்தினான், முகம் தெரியாத யாரோ அவள் மதம் மாறியதைச் சொல்லி வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார்கள், உடனே மூடிவிட்டான், அதற்குப் பிறகு அந்தச் சுட்டியைத் தொட்டதில்லை. அந்தப் பக்கங்கள் எதுவும் இறங்கவில்லை. லியாக்கத்துக்குச் செய்தி அனுப்பினான், பதில் உடனே வந்தது. தளத்தில் ரோபோட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும், எந்திரங்கள் எங்கெல்லாம் நுழையக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும், நம் நிரல் மரியாதை தெரிந்தது, கீழ்ப்படிந்துவிடும். மீற வேண்டும் என்றால் கட்டளையில் இதைச் சேர்த்துக்கொள், என்று ஒரு சொல். ரூபேந்திரன் அந்தச் சொல்லை நகலெடுத்துவிட்டு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தான். வராதே என்று போட்டிருக்கும் இடம். ஒரு தடவை நுழைந்து பார்த்தவன்தானே. இது வேறு, இது எல்லாரும் படிக்கக் கிடப்பது, கையால் அழுத்தினால் யாருக்கும் திறப்பது, கடிதம் இல்லை, இது வேறு... மணி பதினொன்று இருபது. ஒட்டினான். பின்னூட்டங்களை மட்டும் கேட்டான். அறுநூற்று நாற்பது பக்கம், பதினொரு நிமிஷம். கூடத்தில் அப்பா இருமினார், நாற்காலி நகர்ந்தது, குழாய் திறந்து மூடியது. பதினொன்று முப்பத்து மூன்று. முடிந்தது. என் தம்பி என்று தட்டினான்.

ஒன்று.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மார்ச். அம்மா சமையலறையில் பாடிய பாட்டைப் பற்றிய பதிவு அது, குளுவாங்கிலிருந்து கஸ்தூரி என்ற ஒரு வாசகி, தன் கதையும் உங்களுடையதைப் போலத்தான், மதம் மாறப் போகிறேன் என்று நீளமாக எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டிருந்தார், உங்க வீட்டுல யாரு சிஸ்டர் சொன்னாங்க, நீங்களே சொன்னீங்களா, எனக்குச் சொல்றதுக்குத் தைரியமே வரல என்று. அதற்குக் கீழே சபீதா. "நான் சொல்றதுக்குள்ள என் தம்பி சொல்லிட்டான் சிஸ்டர். ஆனாலும் அவன் மேல கோவம் இல்ல. அப்போ அவன் சின்னப் பையன். நான் போய்ட்டா தனியா இருக்கணுமேன்னு பயந்துட்டான்."

அவ்வளவுதான் இருந்தது. அடுத்த பின்னூட்டத்தில் வேறு யாரோ சம்பலுக்கு எத்தனை மிளகாய் என்று கேட்டிருந்தார்கள். ரூபேந்திரன் திரும்பப் படித்தான், திரும்பவும். பயந்துட்டான். ஆமாம். எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அவள் அதை ஒரு வரியில், முகம் தெரியாத ஒருத்திக்குப் பதில் சொல்லும் அவசரத்தில்... அம்மா போனபோது இவனுக்குப் பதினொன்று, அவளுக்குப் பதினைந்து, அதற்குப் பிறகு சோறு, சீருடை, பள்ளிக்கூடக் கையெழுத்து எல்லாம் அவள்தான், அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அப்பாவும் இவனும் மட்டும், இரண்டு ஊமைகள். அதுதான். மதமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. தெரிந்திருந்தது அவளுக்கு, அன்று கேட்டருகில் இவனைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். ஆனால் சின்னப் பையன் என்கிறாளே? அப்போது இருபத்தாறு வயது. வேலைக்குப் போய் நாலு வருஷம். மோட்டார் லைசன்ஸ், மீசை, ஷிப்டில் தனக்குக் கீழ் இரண்டு ஆட்கள். எப்படிச் சின்னப் பையன் ஆவான்? அந்தக் கஸ்தூரிக்காகக் குறைத்துச் சொன்னாளா, தம்பியைப் பற்றித் தப்பாக நினைக்கக் கூடாதே என்று? அல்லது கோபம் வராமல் இருக்க அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட வயதா? அல்லது, இதுதான் இன்னும் மோசம், உண்மையாகவே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறாளா, பதினொரு வயதோடு நிறுத்தி... அப்படியானால் அவள் மன்னித்திருப்பது யாரை? அந்தப் பதினொரு வயதுக்காரன் எதையும் செய்யவில்லையே. செய்தவன் வேறு ஆள். அவனை யாரும் இன்னும் பார்க்கக் கூட இல்லை.

பதினொன்று நாற்பத்தாறு. இணையத்தில் அதே பக்கத்தைத் திறந்தான், இன்னும் உயிரோடுதான் இருந்தது, கீழே வெள்ளைப் பெட்டி, உங்கள் கருத்து. பெயர் கேட்டது. ரூபேன் என்று தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். நிறைய எழுத வேண்டும் போல் இருந்தது, கடிதங்களைப் படித்தது, மூன்றாவது கடிதம் நன்றாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கம் திருப்பாதது, கூலாய் மழை, எல்லாம். விரல் எதற்கும் வரவில்லை. கடைசியில், எனக்கு அப்ப இருபத்தாறு வயசுக்கா, என்று மட்டும் எழுதினான். படித்துப் பார்த்தான். சின்னப் பையன் இல்லை, என்று சேர்த்தான். அனுப்பினான். உங்கள் கருத்து தள உரிமையாளரின் பார்வைக்குப் பிறகு வெளியாகும் என்றது பக்கம். பதினொன்று ஐம்பத்திரண்டு. சனிக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் நெரியும் நேரம், அவள் கல்லாவில் இருப்பாள், எட்டு நிமிஷத்தில் எதைத் திறந்து எதைப் பார்க்கப் போகிறாள்... "ரூபேன், சோறு வைக்கவா?" என்றார் அப்பா, இந்த முறை கதவருகிலேயே. "வர்றேன்பா, நீங்க வைங்க." அவர் உடனே போகவில்லை, கருப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதில் என்ன தெரிந்ததோ, போனார்.

நகல் எடுத்து முடித்த பிறகு எழுதிய வரி. அது இந்தக் கணினியில் இல்லை, இனி இருக்கப் போவதும் இல்லை, எட்டு நிமிஷத்தில் அங்கேயும் இருக்காது, நாலாம் மேசையின் எல்லாச் சொல்லையும் மிச்சமில்லாமல் சேர்த்து வைத்தவன் தன் ஒரு வரியை மட்டும் வெளியே விட்டுவிட்டான். முன்னால் எழுதியிருந்தால் நகலிலும் வந்திருக்கும், மூன்று வாரம் இருந்தது, ஆறு வருஷம் இருந்தது. கடையின் தொலைபேசி எண் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது, சின்ன எழுத்தில், அறுநூற்று நாற்பது தடவை இறங்கியிருக்கிறது இன்று. அந்த எண்ணை அழைத்து இதே வரியைச் சொல்லியிருக்கலாம், இப்போதும் சொல்லலாம், அவள் கேட்டுவிடுவாள், பிறகு ஏதாவது சொல்வாள்... இவன் கருத்துப் பெட்டியைத் தேடித்தான் போனான். காணாமல் போகப் போகிற இடம் என்று தெரிந்ததால்தான் கை வந்ததா? பக்கத்தைப் புதுப்பித்தான். இன்னும் பார்வைக்காகக் காத்திருந்தது. மறுபடி புதுப்பித்தான், அவள் பார்த்துவிட வேண்டும் என்றா, பார்ப்பதற்குள் மணி ஆகிவிட வேண்டும் என்றா, விரலுக்குத் தெரியவில்லை.